ஏரி ஸ்கீமும் எட்டு கிரவுண்டு மழையும்

சென்னையில் முகப்பேர் பக்கம் போயிருக்கிறவங்களுக்கு 'ஏரி ஸ்கீம்' என்ற பேர் தெரிஞ்சிருக்கும். ஷேர் ஆட்டோக்காரர் கூவுவார், கடை போர்டுல இருக்கும். ஸ்கீம் இருக்கு சரி, ஏரி எங்கேன்னு யாரும் கேட்கிறதில்லை. ஏரி மேலதாங்க ஸ்கீம்! ஏரி நிலத்தை மனையாக்கி வீட்டு வசதி வாரியம் போட்ட திட்டம் அது. பேரையாவது நேர்மையா வச்சாங்க :-)

சென்னைத் தண்ணீர் கஷ்டம்னு பேச்சு வந்தாலே "கவர்மெண்ட் ஒண்ணும் பண்ணலை"ன்னு முடிச்சுடுவோம். கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தா, அரசாங்கம் நிறையவே பண்ணியிருக்கு. ஒரு கையால ஏரியை மூடுச்சு, இன்னொரு கையால மழைநீரைச் சேமின்னு சட்டம் போட்டுச்சு. ரெண்டுமே அந்தந்தக் காலத்துல நல்ல திட்டம்னு பேர் வாங்கினதுதான். இந்த ரெண்டு கையோட கதைதான் இந்தப் பதிவு.

முதல் கை

1920ல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. ஊர் பெருத்துக்கிட்டே போகுது, வீடு கட்ட இடம் வேணும். நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டை வரைக்கும் 'லாங் டாங்க்' என்று ஒரு நீண்ட ஏரி கிடந்தது. அதில் மாம்பலம் பகுதியை வற்ற வைத்து, நீதிக்கட்சி ஆட்சியில் 1920களில் உருவானதுதான் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தில் இன்னமும் லேக் வியூ ரோடு இருக்கு. போய் நின்னு பாருங்க, லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கு, அதுவும் அப்படித்தான். 1976ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடம்தான். பிறகு முகப்பேர், வேளச்சேரி என்று வரிசை நீண்டது.

இதைச் செய்தவங்க எல்லாரும் முட்டாள்கள் இல்லை. ஏரி என்றால் பாசனத்துக்கு. ஆயக்கட்டு வயல்கள் எல்லாம் மனைகளாக மாறின பிறகு அந்த ஏரிக்கு என்ன வேலை? புறம்போக்கு நிலம், யாரிடமும் விலை கொடுத்து வாங்க வேண்டாம், ஏழைகளுக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் வீடு கொடுக்கலாம். கணக்கு சரியாத்தான் இருந்தது.

எங்க தொழில்ல இப்படி ஒண்ணு உண்டு. பழைய புரோகிராம்ல ஒரு ஃபங்ஷன் இருக்கும். யாரும் கூப்பிடறதா தெரியாது. சும்மா கிடக்குதேன்னு அழிச்சிடுவோம். ரெண்டு மாசம் கழிச்சு சம்பந்தமே இல்லாத இடத்துல ஏதாவது உடையும். ஏரியும் அந்த மாதிரிதான். பாசனம் தவிர இன்னும் ரெண்டு வேலையைச் சத்தமில்லாமல் பார்த்துக்கிட்டு இருந்தது. வெள்ளத்தைப் பிடிச்சு வைக்கிறது ஒண்ணு, கிணறுகளுக்கு அடியில் தண்ணீர் இறக்குறது இன்னொண்ணு. அது எந்த ரெஜிஸ்டரிலும் எழுதப்படலை.

இரண்டாவது கை

ஏரி போனதும் ஊருக்குத் தண்ணீர் தூரத்தில் இருந்து வர ஆரம்பிச்சது. கிருஷ்ணா நீருக்காக ஆந்திராவோட 1983ல் ஒப்பந்தம் போட்டாங்க, தண்ணீர் வந்து சேர 1996 ஆச்சு. இன்னொரு பக்கம் ஆளாளுக்கு போர் போட்டு உறிஞ்சினதால, நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 1987ல் ஒரு சட்டம் வந்தது.

மழைநீரை வீட்டிலேயே நிலத்துக்குள் விடலாம் என்று சொன்ன தனி மனிதர்களும் இருந்தாங்க. சேகர் ராகவன் என்கிற இயற்பியல்காரர் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் இதைச் சொன்னார். மந்தைவெளியில் 2002ல் மழை மையம் திறந்தாங்க, அன்றைய முதல்வர் ஜெயலலிதா திறந்து வைத்தார்.

அடுத்த வருஷம் வந்ததுதான் பெரிய அடி. 2003 ஜூலையில் ஒரு அவசரச் சட்டம். புதுக் கட்டடம், பழைய கட்டடம் எல்லாத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், ஆகஸ்ட் 31 கெடு. செய்யலைன்னா குடிநீர் இணைப்பு கட். நான் அப்போ ஒண்ணாங்கிளாஸ். ஊரெல்லாம் பிவிசி பைப்பும் ஜல்லியுமா இருந்தது மங்கலா ஞாபகம் இருக்கு. இந்தியாவில் ஒரு மாநிலம் முழுக்க இவ்வளவு வேகமா ஒரு சூழல் சட்டம் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது அபூர்வம்.

ஒரு சின்னக் கணக்கு. சென்னையில் வருஷத்துக்குச் சராசரியா 1400 மி.மீ. மழை. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். பெருக்கினா ஒரு கிரவுண்டு மேல் விழுகிற மழை வருஷத்துக்கு 3 லட்சம் லிட்டருக்கும் மேலே!

சட்டம் போட்ட உடனே அதிசயம் நடக்கலை. 2003 மழையும் ஏமாத்திடுச்சு, குழாய்த் தண்ணீர் கிட்டத்தட்ட நின்னே போச்சு, 2004ல் வீராணம் தண்ணீர் வந்தது. 2005ல் கொட்டித் தீர்த்த பிறகு கிணறுகள் ஏறின. அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, வருண பகவானின் பங்கு எவ்வளவுன்னு பிரிக்கிறது கஷ்டம். ஆனா குழி இல்லாம இருந்திருந்தா அந்த மழையில் பெரும்பகுதி சாலை வழியா கடலுக்குத்தான் போயிருக்கும்.

2019

அப்புறம் 2019 ஜூன். நாலு ஏரியும் காய்ஞ்சு போச்சு. ஐடி கம்பெனிகள் "வீட்ல இருந்தே வேலை பாருங்க"ன்னு சொன்னது கொரோனாவுக்கு முன்னாடியே தண்ணீர் இல்லாமத்தான். ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டா, எட்டு கிரவுண்டு மேல் ஒரு வருஷம் விழுகிற மழை. ஒரு தெருமுனையில் விழுறதை ரயில் வச்சுக் கொண்டு வந்தோம்!

16 வருஷத்துல சட்டத்துக்கு என்ன ஆச்சு? எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கூட்டத்துல நான் கேட்டப்போ ஒரு பெரியவர் சொன்னார், "அதெல்லாம் 2003லயே போட்டாச்சு தம்பி". மூடியைத் திறந்து பார்த்தா குழி முழுக்கச் சேறு இறுகிக் கிடந்தது. மொட்டை மாடிக் குழாயை யாரோ எப்பவோ வெட்டித் தெருப் பக்கம் திருப்பி விட்டிருந்தாங்க. ரெண்டு ஆள், ஒரு நாள் வேலை, சரியாச்சு.

விஷயம் அதேதான். சட்டம் குழி இருக்கான்னு கேட்டது, குழி வேலை செய்யுதான்னு வருஷா வருஷம் கேட்கலை. ரிலீஸ் பண்ணிட்டு மெயின்டனன்ஸ் டீமைக் கலைச்ச மாதிரி. களிமண் பூமியில் ஆழமா இறக்கணும், கடற்கரை மணலில் லேசா போதும். ஆனா கெடு அவசரத்தில் பல இடத்தில் ஒரே மாதிரி குழிதான் விழுந்தது.

இன்னொண்ணும் இருக்கு. 2015 டிசம்பர் மாதிரி மழைக்கு வீட்டுக் குழி எந்த மூலைக்கு? அதைத் தாங்க ஏரிதான் வேணும். குழி வீட்டுக்காரன் பொறுப்பு, ஏரி அரசாங்கத்தின் பொறுப்பு. முதலாவதுக்குக் கெடு வச்ச வேகம் ரெண்டாவதுக்கு இல்லை. 2007ல் ஏரிகளைக் காக்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் பள்ளிக்கரணை காப்புக்காடு ஆச்சு, 2022ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அதுக்குள்ள சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி போயே போச்சு. நான் தினமும் போற ஆபீசும் அந்தப் பக்கம்தான், அதனால இதை வெளியில் நின்னு சொல்லலை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டுக் குழி மூடியைத் திறந்து பாருங்க. உள்ளே ஜல்லி தெரியுதா, சேறு தெரியுதான்னு வந்து சொல்லுங்க.