வேடந்தாங்கல் கவுலும் ஊரார் காவலும்

தொண்டை நாட்டின் மதுராந்தக வட்டத்தில் அமைந்த வேடந்தாங்கல், இந்நாட்டு நீர்ப்பறவைப் புகலிடங்களுள் மிகப் பழையதாக மதிக்கப்படுவது. அதன் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கி. பி. 1798-ஆம் ஆண்டினையே தொடக்கமாகக் கொள்வர். அவ்வாண்டிலேதான் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பார், ஏரியில் கூடு கட்டும் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊரார்க்கு உறுதிசெய்து கவுல் ஒன்று வழங்கினார். அமெரிக்க நாட்டு யெல்லோசுடோன் பூங்கா ஏற்பட்டது 1872-இல். இக்கவுலோ அதற்கு 74 ஆண்டுகள் முற்பட்டது. இதனைப் பெருமிதத்தோடு குறிப்போரும் உளர். பெருமிதம் தவறன்று. ஆயின், ஆவணம் பிறந்த ஆண்டினையே வழக்கம் பிறந்த ஆண்டாகக் கொள்வது வரலாற்று முறைக்கு ஒவ்வாது. கவுல் என்பதன் இயல்பைச் சிறிது ஆராயின் இது விளங்கும்.

கவுல் என்பது அரபு மொழிச் சொல். வாக்கு, சொல் என்பன அதன் பொருள்கள். பாரசீக வழக்கின் வழியாக வருவாய்த்துறைக்கு வந்து, குடிகளுக்கு அரசு எழுதிக்கொடுக்கும் உடன்படிக்கையைக் குறிப்பதாயிற்று. தரிசு நிலத்தைத் திருத்துவோர்க்கும், குத்தகை கொள்வோர்க்கும் கவுல் வழங்குதல் அக்கால நடைமுறை. பறவைகளின் பொருட்டுக் கவுல் வழங்கியதே புதுமை. கேட்டவர் இன்றிக் கவுல் பிறப்பதில்லை. படைவீரர் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் அதனைக் கலெக்டரிடம் முறையிட்டனர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. முறையிட்டவர்க்குக் காத்து வந்த வழக்கம் ஒன்று முன்னரே இருந்திருத்தல் வேண்டும். அஃது இல்லையாயின் முறையீட்டுக்கு இடமேது? பிளேஸ் புதிய உரிமையைப் படைத்தாரல்லர். இருந்த உரிமைக்கு எழுத்து வடிவம் தந்தார்.

அவர் அங்ஙனம் செய்தமைக்கும் காரணம் உண்டு. 1794 முதல் 1798 வரை அவர் அப்பகுதியின் வருவாயைப் பெருக்கும் பொறுப்பில் இருந்தவர். ஏரிகளின் நீரும் மிராசுதாரரின் உரிமைகளும் அவர்தம் ஆட்சிக்கு அடிப்படைச் சிக்கல்களாக இருந்தன. 1799-இல் அவர் அளித்த அறிக்கை, மிராசு முறையை ஆராய்வோர் இன்றும் நாடும் மூலங்களுள் ஒன்று. மதுராந்தகத்து ஏரிக்கரையை வில்லேந்திய இராமலக்குவர் காத்து நின்றதை அவர் கண்டார் என்னும் கோயிற்கதையும் இவர் பெயரையே சுற்றி வழங்குகிறது. கதை எப்படியாயினும், ஏரி உடையுமோ என அஞ்சிய ஓர் அதிகாரியின் உருவம் அதிற் பதிந்துள்ளது. ஏரியின் நலனே வருவாயின் நலன் என அறிந்தவர்க்கு, ஏரிப் பறவைகளைப் பற்றிய ஊராரின் முறையீடு விந்தையாகத் தோன்றியிராது.

ஊர்ப்பெயரும் நோக்கற்பாலது. வேடர் தங்கிய இடம் என்பதே வேடந்தாங்கல் என்பர் பலர். முற்பகுதி வேடரைக் குறித்தல் பொருந்தும். அப்பகுதி நிலக்கிழாரின் வேட்டைக்களமாய் இருந்தது என்னும் செய்தியும் உண்டு. பிற்பகுதியைத் 'தங்குதல்' என்பதனோடு இயைப்பதே ஐயத்திற்குரியது. தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. பழவந்தாங்கல் முதலிய தொண்டை நாட்டு ஊர்ப்பெயர்கள் இப்பொருளிலேயே அமைந்தன. எனவே, வேடரின் ஏரி எனப் பொருள் கொள்வதே சிறப்பு. வேட்டையின் பெயரைத் தாங்கிய ஊர் வேட்டையைத் தடுக்கும் ஊரானது எவ்வாறு என்பதே நாம் விடை காணவேண்டிய வினா.

விடை வயலில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்ததும், நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் வக்காவும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வந்து சேர்கின்றன. நீரிடையே நிற்கும் மரங்களிற் கூடு கட்டுகின்றன. மரத்தைச் சூழ்ந்த நீரே குஞ்சுகளுக்கு அகழி. நரியும் பூனையும் அணுகமாட்டா. நாள்தோறும் சுற்றுப்புறக் கழனிகளிலும் பிற ஏரிகளிலும் இரை தேடி மீளும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் அந்நீரில் விழுகிறது. நத்தைகுத்தி நாரை வயலின் நத்தைகளையே உணவாகக் கொள்வது. எச்சத்தால் உரமேறிய நீர் மதகின் வழியே நெல்வயலுக்குப் பாய்கிறது. பல காவதம் பரந்த நிலத்தின் வளத்தைப் பறவைகள் சிறிது சிறிதாகத் திரட்டி ஓர் ஏரியிற் சேர்க்கின்றன என்னலாம். இதனை வேதியியல் கற்று ஊரார் அறிந்தாரல்லர். எவ்வயலுக்கு எருக் குறைவாக வேண்டும் என்பதைக் கண்டு அறிந்தனர். அருளுணர்வு ஒன்றே இக்காவலுக்கு அடிப்படை என்று எழுதுவோர் உழவனின் அறிவைக் குறைத்து மதிப்பிடுகின்றனர். பயன் ஒன்றே அடிப்படை என்போர், கூட்டிலிருந்து விழும் குஞ்சின்மீது ஊரார் காட்டும் பரிவை விளக்கமாட்டார். இவ்விரண்டும் ஒரு மரத்திலேயே தழைத்தவை.

அம்மரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஏரியில் மிகுதியாக நிற்பது நீர்க்கடம்பு. வெண்கடம்பு, செங்கடம்பு என்னும் இரண்டனுள் பண்டையோர் குறித்த கடம்பு எது என்னும் வழக்கு நம் புலவரிடை நெடுநாளாக உண்டு. முருகன் உறையும் இடங்களை எண்ணும் திருமுருகாற்றுப்படை, யாறு, குளம், கடம்பு ஆகியவற்றை ஒரு வரிசையிலேயே வைத்தது. வேடந்தாங்கலில் மார்கழித் திங்களில் கடம்பின் அடிமரம் நீரில் மூழ்கி நிற்கக் காண்பவர்க்கு, அவ்வரிசை உரைநூல்களிலும் தெளிவாக விளங்கும்.

இனி, ஆவணத்தின் வரலாற்றுக்கு மீள்வோம். பிளேஸ் தந்த கவுல் பிற்காலத்தில் ஊராரிடமிருந்து தவறிப் போயிற்று. 1858-இல் ஊரார் அப்போதைய கலெக்டரை அணுகி உரிமையைப் புதுப்பித்துக்கொண்டனர். இச்செய்தி சிறிதாகத் தோன்றினும் பொருள் பெரிது. இடைப்பட்ட 60 ஆண்டுகளில் ஏடு அழிந்தது, காவல் அழியவில்லை. கும்பினி ஆட்சி நீங்கி முடியாட்சி வந்த அதே ஆண்டில், ஊரார் தம் பறவைகளுக்காக எழுத்து வேண்டி நின்றனர். ஆட்சி மாறினும் வாக்கு மாறலாகாது என்னும் எச்சரிக்கை அவர்பால் இருந்தது போலும்.

அதன் பின்னர் நிகழ்ந்தவை சுருக்கமாகவே கூறத்தக்கன. 1936-இல் மாவட்ட ஆட்சி இதனைப் பறவைப் புகலிடமாக ஏற்றது. 1962-இல், 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் கீழ்க் காப்புக்காடாயிற்று. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மேலும் வலிமை தந்தது. 1998-இல், ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை புகலிட எல்லை விரிந்தது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவை இரை தேடுவது ஏரிக்கு வெளியே ஆதலின், எல்லையை விரித்தது அறிவுடைச் செயல். 2020-இல் அவ்வெல்லையை 3 கிலோமீட்டராகக் குறுக்கும் முன்மொழிவு எழுந்தபோது எதிர்ப்பு வலுத்தது. பறவை உறங்கும் இடத்தைக் காத்து, உண்ணும் இடத்தைக் கைவிடுதல் காவலாகாது என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம்.

இவ்வளர்ச்சியில் ஒரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. 1798-இல் காவலுக்கு உரியவர் ஊரார். அரசு வாக்குக் கொடுத்தது. 1962-க்குப் பின் காவலுக்கு உரியது அரசு, ஊரார் ஒத்துழைப்போர். சுடுகலன் ஏந்தியவனைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும், தன் ஏரியின் காவலன் தானே என்று கருதியவன், பிறர் காக்கும் ஏரியின் பக்கத்து வீட்டானாக மாறுதல் இழப்பேயாம்.

இவ்விழப்பு யாண்டும் ஒரே அளவினதாக இல்லை. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் புகலிடம் 1977-இல் அறிவிக்கப்பட்டது; அதனை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதைப் பல்லாண்டுகளாகத் தவிர்த்து வருகின்றனர். எந்த ஆணையும் அவர்களை அங்ஙனம் செய்யப் பணித்ததன்று. வனத்துறையினர் அந்நாளில் ஊர்ச்சிறார்க்கு இனிப்பு வழங்கி நன்றி கூறுதல் வழக்கமாகியுள்ளது. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் ஏரியோடு நில்லாது, வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அம்முற்றங்கள் 1994-ஆம் ஆண்டு அறிவிப்பினால் பறவைகளின் நம்பிக்கையைப் பெற்றனவல்ல.

2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இக்குறையை ஓரளவு உணர்ந்தது. அது பாதுகாப்புக் காப்பகம், சமுதாயக் காப்பகம் என இரண்டினை வகுத்தது. முன்னது அரசு நிலத்துக்கு உரியது. பின்னது தனியாரும் சமுதாயமும் உடைய நிலத்துக்கு உரியது. பின்னதில் ஊராட்சி பெயர் குறிக்கும் ஐவர்க்குக் குறையாத உறுப்பினர், வனத்துறையினர் ஒருவரோடு சேர்ந்து குழுவாகி மேலாண்மைத் திட்டம் வகுப்பர். தலைவரையும் தாமே தேர்வர். முன்னதில் குழு உண்டு, ஊராட்சிக்கு இடமும் உண்டு. ஆயின் அக்குழுவின் பணி தலைமைக் காட்டுயிர்க் காப்பாளர்க்கு அறிவுரை கூறுவதே. தாமிரபரணிக் கரைத் திருப்புடைமருதூர், தன் மருத மரங்களில் தங்கும் பறவைகளின் பொருட்டு 2005-இல் நாட்டின் முதற் பாதுகாப்புக் காப்பகமாயிற்று. பரப்பு 2.84 எக்டேர். காவலை வேண்டி முன்வந்தவர் அவ்வூராரே. ஏரிகளோ தமிழ்நாட்டிற் பெரும்பாலும் அரசின் உடைமை. ஆகவே, வேடந்தாங்கல் போன்ற ஊரார் தம் ஏரிப் பறவைகளைக் காக்க இன்று புதிதாக முன்வரின், அவர்க்குக் கிடைப்பது அறிவுரை கூறும் இடமே. பிளேஸின் கவுல் அவர்க்குத் தந்தது காக்கும் உரிமை.