தண்ணி குடித்து இறுகிய பாலம்

மொனராகலையில் ரயில் இல்லை. ரயில் பார்க்கணும்னா பஸ் ஏறி எல்லவுக்கோ பதுளைக்கோ போகணும். அப்படிப் போகிற எல்லாரும் கடைசியில் நிற்கிற இடம், எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம். கிட்டத்தட்ட 300 அடி நீளம், 80 அடி உயரம். கட்டி முடித்தது 1921இல்.

அங்கே யாரைக் கேட்டாலும் ஒரே கதைதான். முதல் உலகப் போர், இரும்பு வரலை, கல்லையும் செங்கல்லையும் சீமெந்தையும் வைத்தே கட்டிட்டாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இரும்பு இல்லைன்னு வியக்கிற நாம, பிடித்து வைத்திருக்கிறது எதுன்னு கேட்கிறதில்லை. இலங்கைப் பொறியியல் சங்கம் 1923இல் வெளியிட்ட அறிக்கை இதை 'கொங்கிரீட் ரயில் பாலம்' என்றே தலைப்பில் சொல்கிறது.

சீமெந்து 'காயுது' என்கிறோம். உண்மையில் அது காய்வதில்லை, தண்ணி குடிக்கிறது. சுண்ணாம்புக் கல்லையும் களியையும் சேர்த்துச் சுட்டு அரைத்த தூளில் இருப்பது பெரும்பாலும் கல்சியம் சிலிக்கேட். தண்ணி பட்டதும் அது கரைந்து, வேறொரு பொருளாகத் திரும்பப் படிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூழ்தான் ஜெல். ஒவ்வொரு தூளைச் சுற்றியும் வளர்ந்து, பக்கத்துத் தூளின் ஜெல்லோடு பின்னிக்கொண்டு, மணலையும் கல்லையும் சேர்த்துப் பிடிக்கிறது. தண்ணிக்கு அடியிலும் சீமெந்து இறுகுவது இதனால்தான்.

ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை வாங்கியபோது இதெல்லாம் யாருக்கும் தெரியாது. 1880களில் பிரான்சின் லு ஷத்தலியே, ஊசி ஊசியான பளிங்குகள் கோர்த்துக்கொள்வதால்தான் இறுகுது என்றார். இல்லை, ஜெல்தான் என்று 1893இல் ஜெர்மனியின் மிகாயேலிஸ் மறுத்தார். தெமோதரையில் வளைவுகள் எழும்பியபோதும் அந்தச் சண்டை தீரவில்லை. (கரைந்து படியுது என்பதில் லு ஷத்தலியே சரி, படிவது பெரும்பாலும் ஜெல் என்பதில் மிகாயேலிஸ் சரி.) காரணம் தெரியாமலே கட்டினார்கள், நின்றது.

ஜெல்லை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். வளைவில் எல்லாமே ஒன்றையொன்று அமுக்கித்தான் நிற்கிறது. அதனால்தான் இரும்பு இல்லாமலே சமாளிக்க முடிந்தது.

அந்தக் காலத்துச் சீமெந்து இன்றையதைவிடக் கொரகொரப்பு, இறுகவும் நாளாகும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் 1910இல் வார்த்த கொங்கிரீட் துண்டுகளை 50 வருஷம் வரைக்கும் வைத்துச் சோதித்தார்கள். ஈரம் கிடைக்கக் கிடைக்க, பலம் கூடிக்கொண்டே போயிருந்தது.

எங்கள் வீட்டுத் தரை போட்டது வறட்சி மாதத்தில். பவுசர் தண்ணி குடிக்கவே பத்தலை. ரெண்டு நாள் ஈரச்சாக்கு போட்ட மேசன் பாஸ், மூணாம் நாள் தட்டிப் பார்த்து, "காஞ்சிருச்சு தம்பி, போதும்" என்றார். தண்ணியை மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் நாங்களும் தலையாட்டினோம். இப்போ கூட்டும்போதெல்லாம் தரையிலிருந்து மாவு மாதிரி தூசி எழும்புது.