கட்சிக்குள் ஒரு வெளிநாட்டு இலாகா

அதிகாரமோ, தூதரோ, கஜானாவோ இல்லாத ஒரு கட்சி, தன் தேசமே அந்நியருக்கு அடிமைப்பட்டுக் கிடந்த காலத்தில், அயல்நாட்டு விவகாரங்களுக்கென்றே ஓர் இலாகாவை அமைத்துக்கொண்டது நமது அரசியல் சரித்திரத்தில் அபூர்வமான ஒரு சம்பவம். 1936-ல் ஜவஹர்லால் நேருவின் உற்சாகத்தால் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியின் அலகாபாத் காரியாலயத்தில் அந்த இலாகா தோன்றிற்று. பெர்லின் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த இருபத்தாறு வயது இளைஞரான ராம்மனோகர் லோஹியாவிடம் அதன் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

இதற்கு முன்பும் காங்கிரஸ் கடல் கடந்து பேசியதுண்டு. 1889-ல் லண்டனில் ஏற்பட்ட பிரிட்டிஷ் கமிட்டி, வெட்டர்பர்ன் போன்ற நல்லோரின் தலைமையில், ‘இந்தியா’ என்ற பத்திரிகையை நடத்தி, ஆங்கிலேயரின் நியாய உணர்ச்சியை நம்பிப் பல்லாண்டுகள் மன்றாடி வந்தது. நம் சேலம் விஜயராகவாச்சாரியார் தலைமை வகித்த 1920-ஆம் ஆண்டு நாகபுரி மகாசபையோடு அந்த நம்பிக்கை முடிவுற்று, கமிட்டியும் பத்திரிகையும் நிறுத்தப்பட்டன. ஏழாண்டுகளுக்குப் பின், பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டுக்குப் போய்வந்த நேரு, அதே 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸில், ஏகாதிபத்திய யுத்தம் எதிலும் இந்தியா பங்குகொள்ளாது என்ற தீர்மானம் நிறைவேறத் துணைநின்றார். அன்று சென்னையில் விழுந்த விதையே பின்னர் அலகாபாத்தில் முளைத்தது என்பது என் துணிபு.

அந்த இலாகாவின் ஆயுதம் காகிதமும் தபால் தலையுமே. ஆனாலும் அக்காலத்துக் காங்கிரஸின் வெளிநாட்டுப் பார்வை வெறும் சொல்லோடு நின்றுவிடவில்லை. ஜான்ஸிபாரில் கிராம்பு வியாபாரத்தினின்று இந்திய வணிகரை விலக்கும் சட்டம் வந்தபோது, அத்தீவின் கிராம்பைப் பெருமளவில் வாங்கிய நம் நாட்டிலேயே அதைப் பகிஷ்கரிக்கும்படி காங்கிரஸ் கேட்டது. 1938-ல் சமரசம் ஏற்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஐந்து மருத்துவர்கள் சீனாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுள் ஒருவரான கோட்னிஸ் அந்த மண்ணிலேயே உயிர் நீத்தார். அயல்நாடுகளில் வாழும் இந்தியரைப் பற்றி லோஹியா ஒரு சிறு பிரசுரமும் எழுதி வெளியிட்டார்.

இவற்றுள் நம் ஜில்லாவுக்கு நேரே சம்பந்தமுடையது கடைசியாகச் சொன்ன விஷயமே. திருச்சிராப்பள்ளியிலிருந்து தென்மேற்கே, மணப்பாறையைக் கடந்து திண்டுக்கல் போகும் ரயில் பாதையில் இருக்கிற வையம்பட்டியைக் கண்டவர்கள், காவிரியின் செழிப்பு இந்த ஜில்லா முழுவதுக்கும் உரியதன்று என்பதை அறிவார்கள். சோளமும் கம்பும் கடலையும் மழையை நம்பியே விளைய, மழை பொய்த்த வருஷத்தில் மாட்டை மணப்பாறைச் சந்தையில் விற்றுவிட்டு மனிதர் பிழைப்புத் தேடிப் புறப்படுகிற வானம் பார்த்த பூமி அது. இத்தகைய கிராமங்கள் நிறைந்த திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்துதான் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டங்கூட்டமாக ஜனங்கள் சென்றார்கள். தோட்ட முதலாளிகள் தங்கள் தொழிலாளர் கமிஷனின் தலைமைக் காரியாலயத்தை 1904-ல் திருச்சியிலேயே ஸ்தாபித்ததும் அதனாலேயே. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையொன்றை அணிந்தபடி அந்த ஏழை பிரயாணம் செய்வான். மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, அக்கரை சேர்வான். வழிச்செலவும் முன்பணமும் அவன் பெயரில் கடனாக ஏறும். இத்தனை கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. அந்தத் துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. ஒரு சாண் காகிதத்தில் ஒரு குடும்பத்தின் ஆயுள் அடங்கிக் கிடந்ததை நினைக்கும்போது இன்றும் மனம் பதைக்கிறது.

ஸ்பெயினையும் சீனத்தையும் பற்றி அத்தனை உருக்கமாகப் பேசிய காங்கிரஸ், இராமேசுவரத்துக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருந்த இந்த மக்களிடம் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இலங்கை அரசாங்கம் தன் இலாகாக்களில் தினக்கூலிக்கு உழைத்த இந்தியரை வேலையினின்று நீக்க முற்பட்டபோது, 1939 ஜூலையில் காங்கிரஸின் சார்பில் நேரு கொழும்புக்குச் சென்றார். அமைச்சர்கள் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். ஆனால் கொள்கையை மாற்றவில்லை. பிளவுபட்டுக் கிடந்த இந்தியர் சங்கங்களை ஒன்றாக்கி, ஜூலை 25-ஆம் தேதி இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறக்கச் செய்ததே அந்தப் பிரயாணத்தின் நிலையான பயன். ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து, பயிற்சியற்ற கூலித் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய சர்க்கார் தடுத்துவிட்டது. சுயமரியாதையைக் கருதினால் அது சரியான பதிலே. ஆயினும் அக்கரையில் உறவினரை விட்டுவந்த ஒரு தாய்க்கு அந்தத் தடை எப்படித் தோன்றியிருக்கும் என்பதை எந்தத் தீர்மானமும் சொல்லவில்லை.

செப்டம்பரில் யுத்தம் மூண்டது. லோஹியா அதற்கு முன்பே இலாகாவிலிருந்து விலகிவிட்டார். 1947-ல் சுதந்திர தேசத்தின் வெளிவிவகாரத்தை நேரு தம் கையிலேயே வைத்துக்கொண்டார். மறு ஆண்டே இலங்கையின் பிரஜா உரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிற்காலத்துக்கு ஒத்திவைத்தார்கள். நேருவின் முயற்சியில் உருவான அந்தக் காங்கிரஸின் வழிவந்த ஸ்தாபனத்துக்கு அப்போது தலைவராயிருந்த தொண்டமான், பங்கிடப்பட்ட மக்களை யாரும் கலந்து பேசவேயில்லை என்று முறையிட்டார். அந்த முறையீட்டுக்கு டில்லியில் செவிசாய்ப்பார் இல்லை.