கேஸ் கீசர் (எரிவாயு வெந்நீர்க் கருவி)

எரிவாயுவை எரித்து, குழாயில் ஓடும் நீரைச் சூடாக்கித் தரும் வீட்டுக் கருவி கேஸ் கீசர் ஆகும். நீரைச் சேமித்து வைத்துச் சூடாக்கும் தொட்டி வகை, ஓடும் நீரை அப்போதைக்கப்போது சூடாக்கும் உடனடி வகை என இது இருவகைப்படும். இந்தியக் குளியலறைகளில் காணப்படுவது பெரும்பாலும் இரண்டாவது வகை.

கீசர் என்ற சொல் ஐஸ்லாந்தில் உள்ள 'கேய்சிர்' என்னும் வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. அமெரிக்கர்கள் இச்சொல்லைக் கருவிக்குப் பயன்படுத்துவதில்லை. ஆங்கிலேயர் வழியாக இந்தியாவுக்கு வந்த சொல், இங்கே மின்சாரத்தில் இயங்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் பெயராகிவிட்டது.

தோற்றம்

லண்டனில் பெயின்டர் தொழில் செய்த பெஞ்சமின் வாடி மாகன் 1868-இல் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 'கீசர்' என்று பெயரிட்டவரும் அவரே. மேலிருந்து இறங்கும் தண்ணீரைக் கீழே எரியும் வாயுவின் சூடு எதிர்கொள்ளும். வெந்நீர் நேரே குளியல் தொட்டியில் விழும். அதுவரை சமையலறையில் காய்ச்சி வாளி வாளியாகத் தூக்கிவந்தவர்களுக்கு இது பெரும் வசதி. ஆனால் அக்கருவிக்குப் புகைபோக்கி இல்லை. எரிந்த வாயு முழுவதும் குளிப்பவர் இருந்த அறையிலேயே தங்கியது.

அன்றைய எரிவாயுவும் இன்றையதைப் போன்றதன்று. நிலக்கரியிலிருந்து எடுக்கப்பட்ட அந்த 'நகர வாயு'வில் கார்பன் மோனாக்சைடு பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கலந்திருந்தது. எனவே எரியாமல் கசிந்தாலும் அது நேரடி நஞ்சு. பிரிட்டனில் 1967 முதல் 1977 வரை வீடு வீடாக இயற்கை எரிவாயுவுக்கு மாறிய பிறகே இந்த ஆபத்து நீங்கியது. குறையாக எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே.

ரூடும் யுங்கர்சும்

நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய பொறியாளர் எட்வின் ரூட், 1889-இல் தானியங்கித் தொட்டி வகைக் கருவியை வடிவமைத்தார். ஆள் நின்று கவனிக்காமலே நீரின் சூட்டைப் பார்த்து வாயு கூடிக் குறைவது இதன் சிறப்பு. ஆனால் மூடிய தொட்டியில் சூடு கட்டுக்கடங்காமல் ஏறினால் தொட்டியே வெடிக்கும். அழுத்தம் மிகுந்தால் தானே திறக்கும் வால்வு இன்று தொட்டி வகைகளில் கட்டாயமாக இருப்பது இதனால்தான்.

ஐரோப்பாவில் இக்கருவியை அறிவியல் முறையில் மேம்படுத்தியவர் ஜெர்மானியரான ஹூகோ யுங்கர்ஸ். எரிவாயு எவ்வளவு வெப்பம் தருகிறது என்பதை அளக்க அவர் ஒரு கலோரிமானி செய்தார். எரியும் வாயுவின் வெப்பத்தை ஓடும் நீர் எவ்வளவு ஏற்கிறது என்று அளப்பதே அதன் முறை. யோசித்துப் பார்த்தால் அந்த அளவுகருவியே ஒரு வெந்நீர்க் கருவிதான். 1895-இல் டெசாவ் நகரில் தொழிற்சாலை தொடங்கி, குளியலறைகளுக்கான வாயுக் கருவிகளை விற்றார். அதில் கிடைத்த வருவாய் பின்னர் அவருடைய விமான ஆய்வுகளுக்கு உதவியது. 1919-இல் பறந்த முழு உலோகப் பயணிகள் விமானமான எஃப்-13 அவருடைய நிறுவனத்தின் படைப்பே. 1932-இல் வெந்நீர்க் கருவித் தொழிலை அவர் பாஷ் நிறுவனத்துக்கு விற்றார்.

மணமில்லா நஞ்சு

போதிய காற்று கிடைத்தால் எரிவாயு எரிந்து கார்பன் டைஆக்சைடும் நீராவியும் ஆகும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இது இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேரும் தன்மையது. ஸ்காட்லாந்து உடலியலாளர் ஜே. எஸ். ஹால்டேன் 1890-களில் இவ்வாயுவைத் தாமே சுவாசித்து அதன் விளைவுகளைப் பதிவு செய்தார். புகழ்பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலா 1902-இல் இறந்ததும் இதனால்தான். அவர் வீட்டுப் புகைபோக்கி அடைபட்டிருந்தது.

குளியலறைக் கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 பாகை செல்சியஸ் அளவு சூடாக்கும் கருவி மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எல்பிஜியை எரிக்கும். அதற்கு 13 கன மீட்டர் அளவுக்குக் காற்று வேண்டும். நடுத்தரக் குளியலறை ஒன்றின் மொத்தக் காற்றே 7 கன மீட்டர்தான். கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் குளித்தால் அதில் பாதிக்கு அருகில் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் குறையக் குறைய நஞ்சு கூடும். தலைவலி, மயக்கம், கால் தளர்ச்சி என்று தொடங்கும். தாழ்ப்பாளைத் திறக்கவும் வலுவிருக்காது. மணம் இல்லாததால் எச்சரிக்கையும் கிடையாது. சிலிண்டர் வாயுவில் நாம் உணரும் நாற்றம் கசிவைக் காட்டச் சேர்க்கப்பட்டது. எரிந்த பின் அது இருக்காது.

பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளிக்காற்றை இழுத்துப் புகையை வெளியே தள்ளும் மூடிய அமைப்புக் கருவியைத் தவிர வேறெதையும் குளியலறையில் புதிதாகப் பொருத்தக் கூடாது. இந்தியாவில் புகைபோக்கி இல்லாத சிறு கருவிகள் இன்றும் குளியலறைச் சுவரில் தொங்குகின்றன. குளித்தபடியே நினைவிழந்து விழுந்தவர்களைப் பரிசோதித்த நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் வலிப்பு என்று கருதப்பட்டவையும் அவற்றுள் உண்டு. நம் பழைய செப்புப் பாய்லரும் வெந்நீர் அடுப்பும் கரியும் விறகும் தின்றவைதாம். ஆனால் அவை திறந்த கொல்லைப்புறத்தில் இருந்தன.

இயக்கமும் பழுதும்

உடனடி வகையில் நீர் ஓடும்போது ஒரு ரப்பர் சவ்வு நகர்ந்து வாயு வால்வைத் திறக்கும். மின்கலம் பொறி தரும். சுடர் அணைந்தால் உணரி வாயுவை நிறுத்தும். பழைய கருவிகளில் இவ்வேலையை வெப்ப மின்னிரட்டை செய்தது. சிறு சுடரின் சூட்டில் உண்டாகும் சில மில்லிவோல்ட் மின்னழுத்தமே வால்வைத் திறந்து வைத்திருக்கும். சுடர் போனால் மின்னோட்டம் நின்று வால்வு மூடும். எளிய அமைப்பு, ஆனால் எத்தனையோ உயிர்களைக் காத்தது.

கருவி பற்றாவிட்டால் முதலில் மின்கலத்தையும், பிறகு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும். பொறி சத்தமே கேட்கவில்லை என்றால் நீர் அழுத்தம் போதாமலிருக்கலாம். மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள தளத்தில் இது வழக்கமான குறை. நீர் நுழையும் இடத்து வலையில் மண் அடைத்தாலும் இதுவே நேரும். சூடு நாளுக்கு நாள் குறைந்தால் உப்பு நீரால் வெப்பப் பரிமாற்றிக் குழாயில் படிவு ஏறியிருக்கும்.

சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தாலோ, கருவியின் மேல் கரி படிந்தாலோ அது வேறு வகைப் பழுது. வாயு சரியாக எரியவில்லை என்று பொருள். பழுது நீக்குபவர் வந்து பர்னரைச் சுத்தம் செய்யும்வரை அதைப் பற்றவைக்கக் கூடாது. நல்ல நிலையில் உள்ள கருவியும் காற்றோட்டமான வெளிச்சுவரில், மழை படாமல் இருப்பதே முறை. குளியலறைக்குள் வெந்நீர்க் குழாய் மட்டும் வந்தால் போதும். உள்ளேதான் இருக்கிறது என்றால் வாளியை நிரப்பி, கருவியை அணைத்து, கதவைச் சிறிது நேரம் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கலாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே மேலே மட்டுமன்றிக் கீழேயும் காற்றுத் துளை தேவை.

ஒருவர் குளியலறையில் மயங்கிக் கிடந்தால், முதலில் கதவையும் சன்னலையும் திறந்து வாயுவை அடைத்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும். உள்ளே கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் சொல்வது அவசியம். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிஜன் அளவி இந்த நஞ்சேற்றத்தில் இயல்பான எண்ணையே காட்டக்கூடும். இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை தேவை.