அத்ரிலால்: மூலிகைக் குறிப்பொன்று மருந்தான வரலாறு

முன்னோரின் மருத்துவப் பெருமையைப் பேசுவதில் நாம் சளைத்தவர்களல்லர். இப்னு ஸீனாவின் பெயரும் அர்-ராஸியின் பெயரும் நம் மேடைகளில் ஒலிக்காத நாளில்லை. ஆனால், அவர்கள் விட்டுச் சென்ற குறிப்புகள் பிற்காலத்தில் எவ்வாறு சோதிக்கப்பட்டன, அச்சோதனையில் எவை நின்றன, எவை திருத்தப்பட்டன என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். தோலில் வெண்புள்ளிகள் தோன்றும் நோய்க்கான சிகிச்சையின் வரலாறு இதற்கு நல்லதொரு விடை தருகின்றது.

அரபியர் இந்நோயை 'பரஸ்' என்றனர். பரஸ் உடையவரைக் குறிக்கும் 'அப்ரஸ்' என்ற சொல் திருக்குர்ஆனில் ஆலு இம்ரான் 49ஆம் வசனத்திலும் அல்மாயிதா 110ஆம் வசனத்திலும், ஈஸா நபி (அலை) அவர்கள் இறைவனின் அனுமதியால் நோய் நீக்கியதைக் கூறுமிடத்தில் வருகின்றது. தமிழில் வழங்கிவந்த 'வெண்குட்டம்' என்ற பெயர் இதைத் தொழுநோயின் இனமாகக் காட்டிப் பெருந்தீங்கு விளைவித்தது. உண்மையில் இது தொற்று நோயன்று. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் உயிரணுக்களை உடலின் தற்காப்பு ஆற்றலே அழித்துவிடுவதால் வருவது இது. உடல் வலியைவிட ஊராரின் பார்வையே இந்நோயாளிகளை அதிகம் வருத்துகின்றது. ஆகவேதான் இதற்கு மருந்து தேடும் வேட்கை எக்காலத்திலும் தணியவில்லை.

ஸ்பெயினின் மாலகா நகரில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர் இப்னுல் பைத்தார். வட ஆப்பிரிக்கா வழியே கிழக்கு நோக்கிப் பயணம் செய்து, எகிப்தின் அய்யூபிய சுல்தான் அல்-காமிலிடம் தலைமை மூலிகை அறிஞராகப் பணியாற்றி, 1248இல் திமிஷ்கில் மறைந்தார். ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருட்களை அகர வரிசையில் விளக்கும் அவரது பெருநூலில் 'அத்ரிலால்' என்ற செடி இடம்பெறுகின்றது. பெர்பர் மொழியில் 'பறவையின் கால்' எனப் பொருள்படும் பெயர் அது. வட ஆப்பிரிக்காவின் பெர்பர் குலத்தார் ஒருவர் இதனைப் பரஸுக்கு மருந்தாகத் தமக்குள் இரகசியமாய்க் காத்து வந்தனர். இதன் விதையைத் தேனுடன் உட்கொண்ட பின், நோயுற்ற பகுதியை வெயிலில் காட்ட வேண்டும் என்பதே சிகிச்சை முறை. இக்குறிப்பின் உயிர்நாடி வெயில்தான். மருந்து மட்டும் போதாது, ஒளியும் வேண்டும் என்பதை அம்மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இந்திய மரபில் கார்போக அரிசி இதே நோய்க்குப் பயன்பட்டது. அதிலும் இதே இனத்தைச் சேர்ந்த வேதிப்பொருள் இருப்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

எனினும், குறிப்பு என்பது வேறு, நிறுவப்பட்ட மருந்து என்பது வேறு. இவ்வேறுபாட்டை முன்னோர் அறியாதவர்களல்லர். மருந்தின் ஆற்றலை அனுபவத்தால் அறிவதற்கான நிபந்தனைகளை இப்னு ஸீனா தமது 'கானூன்' நூலின் இரண்டாம் பகுதியில் வகுத்துள்ளார். பல நோய்கள் கலந்த நிலையில் சோதித்தலாகாது. பலன் ஒருமுறை மட்டுமன்றி மீண்டும் மீண்டும் காணப்பட வேண்டும். விலங்கிடம் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்தலாகாது. இவை அவற்றுட் சில. அத்ரிலால் இத்தகைய முறையான சோதனைக்கு வர ஏழு நூற்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அச்சோதனை எகிப்தில் நிகழ்ந்தது. நைல் பகுதியில் தானே வளரும் அச்செடியை ஃபஹ்மீ, அபூ ஷாதீ முதலிய வேதியியலார் ஆராய்ந்து, அதன் விதையிலிருந்து படிகப் பொருட்களைப் பிரித்தெடுத்து 1947இலும் 1948இலும் அறிவித்தனர். அவற்றுள் தலையாயது 8-மெத்தாக்ஸிசோராலென். தோல் மருத்துவப் பேராசிரியர் அப்துல் முன்இம் அல்-முஃப்தீ அச்செடியை நோயாளிகளிடம் சோதித்து, 1948இல் தம் முதல் மருத்துவ அறிக்கையை வெளியிட்டார். நாட்டு விதைத்தூளில் அளவை உறுதிசெய்ய இயலாது. பிரித்தெடுத்த பொருளிலோ அளவு கைவசமாயிற்று. 1953இல் அமெரிக்காவில் லெர்னரும் அவர்தம் குழுவினரும் இவ்வாய்வைத் தொடர்ந்தனர்.

மருந்து செயற்படும் விதமும் மெல்லத் துலங்கியது. சோராலென் உயிரணுவின் மரபுப்பொருளுக்குள் நுழைந்து நிற்கும். நீண்ட அலைப் புற ஊதாக் கதிர் பட்டவுடன் அதனோடு பிணையும். வெண்புள்ளியில் நிறம் திரும்பும்போது பெரும்பாலும் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு புள்ளிகளாகவே முதலில் தோன்றும். மயிர்க்காலில் எஞ்சிய நிறவணுக்கள் அங்கிருந்து பரவுவதே காரணம். முடியும் நரைத்துப்போன இடத்திலும் விரல் நுனிகளிலும் பலன் குறைவாக இருப்பதன் காரணமும் இதுவே.

1974இல் பாஸ்டன் நகரில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக் முதலியோர் இம்மருந்தை உட்கொள்ளச் செய்து, விளக்குகளால் கதிரை அளந்து செலுத்திச் சொரியாசிஸ் நோய்க்குச் சிகிச்சையளித்தனர். 'பூவா' என்ற பெயரில் இம்முறை உலகெங்கும் பரவியது. ஆனால் வெற்றியோடு ஆய்வு நின்றுவிடவில்லை. 1975–76இல் அமெரிக்காவின் 16 மையங்களில் சேர்க்கப்பட்ட 1,380 சொரியாசிஸ் நோயாளிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோது, அதிக அளவில் இச்சிகிச்சை பெற்றோரிடம் தோல் புற்றுநோய் மிகுவது தெரியவந்தது. 1997இல் ஆம்ஸ்டர்டாமில் வெஸ்டர்ஹாஃப் வெண்புள்ளி நோயாளிகளிடம் செய்த ஒப்பீட்டில், சோராலென் இன்றி 311 நானோமீட்டர் கதிர் மட்டுமே நற்பலன் தருவதும் தீங்கு குறைவதும் புலனாயின. 2022இல் ருக்ஸோலிடினிப் களிம்பு இந்நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவ்வாறு அத்ரிலாலின் வழிவந்த மருந்து தன் முதலிடத்தைப் பிறவற்றுக்கு விட்டுக்கொடுத்துள்ளது.

இதனால் இப்னுல் பைத்தாரின் புகழ் குன்றுமா? குன்றாது. அவர் குறித்து வைத்திராவிடில் பெர்பர் குலத்தாரின் இரகசியம் அவர்களோடே மறைந்திருக்கக் கூடும். ஆனால் அவர் குறித்ததை அப்படியே நம்பியிருந்தாலும் அது நோயாளிக்குப் போதிய நன்மை தந்திராது. அளவிட்டவர்கள், ஒப்பிட்டவர்கள், தீங்கையும் மறைக்காமல் எழுதியவர்கள் ஆகிய அனைவரும் சேர்ந்தே அக்குறிப்பை மருந்தாக்கினர். முன்னோர் நூலில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காகக் கார்போக அரிசி எண்ணெயைப் பூசி உச்சி வெயிலில் நின்று தோலைப் புண்ணாக்கிக்கொள்வோர் இன்றும் உண்டு. அவர்கள் மரபைப் போற்றுபவர்களல்லர். சோதித்துப் பார் என்று இப்னு ஸீனா வற்புறுத்திய மரபின் பாதியைத் தவறவிட்டவர்கள். அந்த மறுபாதியையும் மீட்டெடுப்பதே நம் முன்னோருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.