ஒதுக்கி வைத்ததும் ஒழித்துக்கட்டியதும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரை ஒட்டிய நிலம் கல்லாக இறுகியது. மேல்மண்ணைக் கொஞ்சம் விலக்கினால் சுண்ணாம்பு கெட்டித்துப் பாளமாகக் கிடக்கும். நம்மூர் மானாவாரிக் காடுகளில் கடப்பாரையைத் துள்ளவைக்கும் சுக்கான் பாறையின் இனம். விவசாயி சபிக்கும் இந்தத் தரை, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க ராணுவ விமானப்படைக்குப் பிடித்துப்போனது. கான்கிரீட் போடாமலே கனத்த குண்டுவீச்சு விமானங்களை வரிசையாக நிறுத்தலாம், சக்கரம் புதையாது. ஆண்டு மழை 300 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். கடல் தொலைவில் இருப்பதால் உப்புக்காற்றும் இல்லை. உலோகத்தை அரிப்பதற்கு ஈரம் வேண்டுமே, அது இங்கே அபூர்வம்.

தளத்தின் பெயர் டேவிஸ்-மோந்தன். சாமுவேல் டேவிஸ், ஆஸ்கர் மோந்தன் இருவரும் டூசானைச் சேர்ந்த ராணுவ விமானிகள். முன்னவர் 1921இல் ஃபுளோரிடாவிலும், பின்னவர் 1924இல் ஹவாயிலும் விமான விபத்தில் இறந்தார்கள். அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து கடந்த புகழோடு சார்லஸ் லிண்ட்பர்க் 1927 செப்டம்பரில் வந்து அந்தத் தளத்தைத் திறந்துவைத்தார். பத்தொன்பது ஆண்டு கழித்து, உபரியாகிப்போன பி-29 குண்டுவீச்சு விமானங்களும் சி-47 சரக்கு விமானங்களும் அங்கே வந்து இறங்கத் தொடங்கின. ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட ‘எனோலா கே’, நாகசாகியில் போட்ட ‘பாக்ஸ்கார்’ இரண்டுமே 1946இல் அந்த வரிசையில் நின்றவை. பாக்ஸ்கார் 1961 வரை அங்கிருந்து நகரவில்லை.

கிடங்கின் அலுவல் பெயர் 1965இலும் 1985இலும் 2007இலும் மாறியது. மக்கள் வாயில் அது என்றைக்கும் போன்யார்டு, எலும்புக்காடு. 2,600 ஏக்கர் பரப்பு. வியட்நாம் போர் ஓய்ந்துகொண்டிருந்த 1973இல் 6,000க்கும் அதிகமான விமானங்கள் அங்கே நின்றன.

இதைப் பழைய விமானங்களின் சுடுகாடு என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். படமும் அதற்கு ஒத்துழைக்கும். ஆனால் அங்கே நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், ஓர் அரசாங்கம் தன் முடிவை மாற்றிக்கொள்ளும் வசதிக்காகச் செலவு செய்து காத்துவரும் இடம் இது என்பது புரியும். ‘இனி இது வேண்டாம்’ என்று ராணுவம் சொன்ன பிறகு, ‘ஒருவேளை வேண்டியிருந்தால்?’ என்ற கேள்விக்கு ஒதுக்கிய நிலம்.

அந்தக் கேள்வியைக் கேட்காத இடங்களும் அதே அரிசோனாவில் இருந்தன. டூசானுக்கு வடமேற்கே கிங்மேன். 1945, 46இல் சுமார் 5,500 விமானங்கள் அங்கே கொண்டுவந்து குவிக்கப்பட்டன. உபரிச் சொத்தை விற்கும் அரசு அமைப்பு வெளியிட்ட விலைப்பட்டியலில் பி-17 குண்டுவீச்சு விமானம் 13,750 டாலர், பி-51 மஸ்டாங் 3,500 டாலர், பி-38 லைட்னிங் வெறும் 1,250 டாலர். அரசுக்கு பி-17 ஒன்று இரண்டு லட்சம் டாலருக்கு மேல் பிடித்திருந்தது. தனியார் சிலர் வாங்கினார்கள். நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது? மிச்சத்தை ஓர் ஒப்பந்த நிறுவனம் மொத்தமாக சுமார் 28 லட்சம் டாலருக்கு எடுத்தது. இறக்கையை வெட்டி, எஞ்சினைக் கழற்றி, உடலை உலையில் போட்டு அலுமினியக் கட்டிகளாக வார்த்தார்கள். தொழிற்சாலையிலிருந்து நேரே இங்கு வந்த, போர்முனையையே காணாத விமானங்களும் அந்த உலைக்குள் போயின.

ஹாலிவுட் இதை உடனே கவனித்தது. வில்லியம் வைலர் இயக்கி 1946இல் வெளிவந்த ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தில், வேலை கிடைக்காத முன்னாள் விமானப்படை வீரன் எஞ்சின் இழந்த குண்டுவீச்சு விமானங்களுக்கு நடுவே அலைகிறான். கடைசியில் அவற்றைப் பிரித்து வீடு கட்டும் கும்பலிடமே வேலை கேட்கிறான். அதற்கு முன் வைலர் ‘மெம்ஃபிஸ் பெல்’ என்ற பி-17 விமானத்தைப் பற்றிப் போர்க்காலத்தில் ஆவணப்படம் எடுத்தவர். அந்த விமானமே ஓக்லஹோமாவில் உடைக்கக் காத்திருந்தது. மெம்ஃபிஸ் நகர மக்கள் 350 டாலர் கொடுத்து அதை மீட்டார்கள்.

1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. உடைத்த விமானங்கள் உடைத்தவைதான். டூசானில் நின்ற பி-29கள் கண்விழித்தன. உறை உரித்து, எஞ்சின் பார்த்து, பறக்கவிட்டார்கள். போதிய குண்டுவீச்சு விமானம் இல்லாமல் தவித்த பிரிட்டனுக்கும் அதே ஆண்டு முதல் பி-29கள் கடனாகப் போயின. கிடங்கு தன்னை நியாயப்படுத்திக்கொள்ள நான்கே ஆண்டு போதுமாயிருந்தது.

திருப்பி எடுக்கும் எண்ணத்தோடு ஒரு விமானத்தை நிறுத்துவது சாதாரண வேலை இல்லை. வந்திறங்கியதும் துப்பாக்கிகள், விமானியை வெளியே தூக்கியெறியும் இருக்கையின் வெடிமருந்து, ரகசியக் கருவிகள் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். பிறகு நன்றாகக் கழுவுவார்கள். கப்பல்தளத்தில் உப்புநீர் குடித்த கடற்படை விமானங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. எரிபொருளை வடித்துவிட்டு, இலேசான எண்ணெயைத் தொட்டியிலும் குழாய்களிலும் ஓடவிட்டு அதையும் வடிப்பார்கள். உள்ளே படியும் எண்ணெய்ப் படலம் குழாய்களையும் அடைப்பான்களையும் காக்கும். எஞ்சின் வாய், கண்ணாடி விளிம்பு, மூட்டு, சந்து எல்லாம் ஒட்டி அடைக்கப்படும். தூசியும் பறவையும் நுழைய வழி இருக்கக் கூடாது.

அதற்குப் பிறகுதான் பூச்சு. முதலில் கறுப்புப் படலம், அதன்மேல் வெள்ளை. தேவைப்படும்போது தோலாக உரித்தெடுக்கக் கூடிய பூச்சு இது. கோடையில் டூசான் வெயில் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். பூச்சு இல்லாவிட்டால் விமானத்தின் உட்புறம் 90 டிகிரிக்கு மேல் கொதித்து, ரப்பரும் பிளாஸ்டிக்கும் மின்கம்பி உறையும் பாழாகும். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பியனுப்பி, உள் வெப்பத்தை வெளி வெப்பத்துக்கு ஆறேழு டிகிரிக்குள் நிறுத்தும். அடிப்பாகத்தை முழுக்க மூடுவதில்லை. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்துச் சோதித்து மறுபடி பூசுவார்கள்.

எல்லா விமானத்துக்கும் இந்த மரியாதை கிடைக்காது. எப்போது வேண்டுமானாலும் பறக்கத் தயாராக ஒரு வகை, நீண்ட காலத்துக்குத் தொடாமல் வைக்க ஒரு வகை, உதிரிப்பாகத்துக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற ஒரு வகை, விற்கவோ உடைக்கவோ ஒரு வகை. மூன்றாம் வகைதான் உண்மையில் சம்பாதிக்கிறது. தயாரிப்பு நின்றுபோன விமானத்துக்கு ஒரு சக்கரத் தாங்கியோ வால் சுக்கானோ வேண்டுமென்றால் கடையில் கிடைக்காது. அமெரிக்காவின் பல படைத்தளங்களுக்கும், அதே ரக விமானம் வைத்திருக்கும் நட்பு நாடுகளுக்கும் இங்கிருந்துதான் போகிறது.

உயிர்பெற்று எழுந்தவற்றுக்கெல்லாம் நல்ல கதி கிடைத்ததாகவும் சொல்ல முடியாது. வியட்நாமில் ஏவுகணைகளுக்குத் தப்பிய தலைமுறையைச் சேர்ந்த எஃப்-4 ஃபாண்டம்கள் 300க்கும் அதிகமாக இங்கிருந்து எடுக்கப்பட்டு, விமானி இல்லாமல் பறக்கும் இலக்குகளாக மாற்றப்பட்டன. புதிய ஏவுகணைகளைச் சோதிக்க அமெரிக்க விமானிகளே அவற்றைச் சுட்டார்கள். 2016இல் அந்த ஃபாண்டம்கள் ஓய, அதே வேலைக்கு எஃப்-16கள் வந்திருந்தன.

முடிவை மாற்றிக்கொள்ளவே முடியாது என்று நிரூபிக்க வேண்டிய காலமும் வந்தது. 1991 ஜூலை 31 அன்று மாஸ்கோவில் ஜார்ஜ் புஷ்ஷும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஸ்டார்ட் ஒப்பந்தத்தின்படி, அணுகுண்டு சுமக்கும் விமானங்களைக் குறைக்க வேண்டும். பாலைவனத்தில் நிறுத்திவைத்திருக்கிறோம் என்றால் மறுதரப்பு ஏற்குமா? பூச்சை உரித்தால் பறக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். ஆகவே 365 பி-52 விமானங்களைத் துண்டாக்கினார்கள். கிரேனில் ஆறு டன் எடையுள்ள எஃகுக் கத்தியை உயரத் தூக்கி, பிடியை விட்டுவிடுவார்கள். இறக்கைகள் தனி, உடல் தனி என ஐந்து துண்டு. பிறகு அந்தத் துண்டுகளை 90 நாள் அப்படியே வெட்டவெளியில் கிடத்தினார்கள், வானத்தில் சுற்றும் ரஷ்யச் செயற்கைக்கோள்கள் எண்ணிக்கொள்வதற்காக. வேறெங்கும் எதிரி பார்த்துவிடாமல் மறைத்த ராணுவம், இங்கே எதிரி நன்றாகப் பார்க்கட்டும் என்று காத்திருந்தது.

எதிர்ப்பக்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகப் போனது. சோவியத் யூனியன் சிதறியபோது டி.யு.-160 ரக குண்டுவீச்சு விமானங்கள் 19 உக்ரைனின் பிரிலுகி தளத்தில் மாட்டிக்கொண்டன. அமெரிக்கப் பணத்தில் உக்ரைன் அவற்றை வெட்ட ஆரம்பித்தது. ஆனால் எட்டை வெட்டவில்லை. 1999இல் எரிவாயுக் கடனுக்கு ஈடாக மூன்று டி.யு.-95களோடு சேர்த்து ரஷ்யாவிடம் கொடுத்துவிட்டது. இன்றைய போரைப் பார்க்கும் உக்ரைனியருக்கு அந்தப் பேரம் எவ்வளவு கசக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டூசானில் 2006க்குப் பின் எஃப்-14 டாம்கேட் விமானங்களுக்கு நேர்ந்தது இதைவிடத் தீர்மானமான அழிவு. அமெரிக்கக் கடற்படை அந்த ஆண்டு அவற்றுக்கு ஓய்வு கொடுத்தது. உலகில் அதை வைத்திருந்த மற்றொரு நாடு ஈரான். ஷாவின் ஆட்சியில் வாங்கிய 79 விமானங்கள், புரட்சிக்குப் பிறகு உதிரிப்பாகத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தன. ஏலத்தில் போகும் ஒரு சாதாரண வால்வுகூட சுற்றி வளைத்து டெஹ்ரானுக்குப் போய்ச் சேரலாம் என்ற அச்சத்தில் விற்பனை நின்றது. 2007 முதல் டாம்கேட்களை இயந்திரத்தில் போட்டுச் சின்னச் சின்னத் துண்டுகளாக அரைத்தார்கள்.

மறுபுறம், 2008இல் வந்து நின்ற ‘கோஸ்ட் ரைடர்’ என்ற பி-52, ஏழு ஆண்டு வெயில் காய்ந்துவிட்டு 2015 பிப்ரவரியில் தன் சொந்த எஞ்சினிலேயே மேலெழும்பி லூசியானாவுக்குப் போனது. படையில் இருந்த ஒரு விமானம் தீயில் சேதமடைந்ததால் அந்த இடத்தை நிரப்ப ஆள் தேவைப்பட்டது. 2019இல் ‘வைஸ் கை’ என்ற இன்னொன்றும் எழுந்தது. பி-52 தயாரிப்பு நின்றது 1962இல். நேருவின் காலத்து விமானத்தை அவர்கள் 2050கள் வரை ஓட்டத் திட்டமிடுகிறார்கள்.

இந்தக் கதைக்கு ஓர் இந்திய அத்தியாயம் உண்டு. அது கான்பூரில் நடந்தது. போரின்போது லெண்ட்-லீஸ் ஏற்பாட்டில் அமெரிக்கா பிரிட்டனுக்குக் கொடுத்த பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் போர் முடிந்தபோது அங்கே திரட்டப்பட்டன. நிபந்தனை இதுதான்: திருப்பிக் கொடு, இல்லையேல் அழி. பிரிட்டிஷ் விமானப்படை அழித்தது, தன்னளவில். எஞ்சினில் மணலைக் கொட்டினார்கள்; கருவிகளை அடித்து நொறுக்கினார்கள்; உடலில் ஓட்டை போட்டார்கள். பிறகு கிளம்பிப் போனார்கள்.

1948இல், காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருக்க, புதிய இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துப் பொறியாளர்கள் அந்தக் குப்பையைப் பார்வையிட்டார்கள். ஒன்றின் இறக்கை, இன்னொன்றின் எஞ்சின், மூன்றாவதின் வால் என்று பொறுக்கி, பெங்களூர் வரை பறக்கும் அளவுக்கு ஒட்டவைத்தார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஓட்டிக்கொண்டு போனார். அந்தப் பயணங்களுக்கு எந்தக் காப்பீட்டுக்காரரும் கையெழுத்து போட்டிருக்க மாட்டார். பெங்களூரில் முழுச் செப்பனிடல் நடந்தது. 1948 நவம்பரில் ஐந்தாம் ஸ்குவாட்ரன் அந்த லிபரேட்டர்களோடு உருவானது. சுமார் 40 விமானங்கள் இப்படித் தேறின. பிற்காலத்தில் கடலோரக் கண்காணிப்புக்கு மாற்றப்பட்டு, 1968 முடிய இந்திய வானில் பறந்தன.

அந்த நேரத்தில் அமெரிக்காவின் நிலை வேடிக்கையானது. போர்க்காலத்தில் 18,000க்கும் மேல் கட்டிய லிபரேட்டரில், அருங்காட்சியகத்தில் வைக்க ஒன்று தேட வேண்டியிருந்தது. கிங்மேனும் அதைப் போன்ற உலைகளும் தங்கள் வேலையை அவ்வளவு சுத்தமாக முடித்திருந்தன. கேட்டவர்களுக்கு இந்தியா கொடுத்தது. கனடாவின் ஒட்டாவாவுக்கு ஒன்று போனது. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு 1974இல் ஒன்று போனது. அந்தப் படை தானே பயன்படுத்திக் கைவிட்டுப் போன விமானம் அது. டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. இன்னொன்று 1969இல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பறந்தே போனது. இறங்கிய ஊர் டூசான். டேவிஸ்-மோந்தன் தளத்துக்குப் பக்கத்தில் 1976இல் திறக்கப்பட்ட பீமா விமான அருங்காட்சியகத்தில் இன்று அதைப் பார்க்கலாம்.