கூலி எனும் சொல்லும் ஐரோப்பிய மொழிகளும்

ஜொகூர் மாநிலத்துப் பண்டார் தெங்காரா, 1972இல் நிறுவப்பெற்ற ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியத்தின் (கெஜோரா) திட்டப் பகுதியில் எழுந்த நகரம். 'தெங்காரா' எனும் மலாய்ச் சொல் தென்கிழக்குத் திசையைக் குறிக்கும். அதனைக் கேட்ட அளவில் தமிழர் செவிக்குத் 'தென்கரை' நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்பிற்குச் சான்றாகாது; சொல்லின் பழைய வடிவமும் பொருளும் வழங்கிய இடமும் ஒருங்கே நோக்கப்படல் வேண்டும். இவ்வெச்சரிக்கையை மனங்கொண்டு, மலாயாத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரைக் குறித்து வழங்கிய 'கூலி' எனும் ஈரெழுத்துச் சொல்லை ஈண்டு ஆராய்வோம்.

தமிழில் கூலி என்பது உழைப்பிற்குரிய ஊதியம். திருக்குறளின் 619ஆம் குறளில் இச்சொல் முயற்சியின் பயனைச் சுட்டும் உயர்ந்த பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. ஊதியம் பெறுபவரைக் குறிக்கக் கூலியாள், கூலிக்காரர் எனத் தனிச்சொற்கள் உண்டு.

பதினாறாம் நூற்றாண்டில் மேலைக் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியரின் எழுத்துகள் வழியே இச்சொல் ஐரோப்பாவை அடைந்தது. ஆங்கிலம், டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகள் சிறு எழுத்து வேறுபாடுகளுடன் இதனை ஏற்றன. இதன் மூலம் பற்றி இரு கருத்துகள் நிலவுகின்றன. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, குஜராத்தின் 'கோலி' இனப்பெயருக்கே முதன்மை தருகின்றது. தமிழ்க் 'கூலி' அவ்வழக்கிற்குத் துணைசெய்திருக்கலாம் என்கின்றது. இவ்விரண்டும் கலந்து ஒன்றாயின எனக் கொள்வதே பொருந்தும் என்பது நம் கருத்து. தமிழே ஒற்றை மூலம் என வலிந்து நிறுவுதல் ஆய்வு நெறியாகாது.

மூலம் எதுவாயினும், பொருள் மாற்றம் தெளிவானது. தமிழில் ஊதியத்தின் பெயராயிருந்தது, ஐரோப்பிய மொழிகளில் மனிதனின் பெயராயிற்று. பின்னர் அது சட்டத்திலும் ஏறியது. 1880இல் டச்சு அரசு சுமத்திராவின் கீழைக் கடற்கரைக்கு இயற்றிய கூலிச் சட்டம், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளரைத் தண்டிக்க வழிவகுத்தது. அங்குக் 'கூலி' எனப்பட்டோரில் மிகப் பலர் சீனரும் சாவகருமே. தென்னாப்பிரிக்காவில் இச்சொல் தொழிலையும் கடந்து இந்தியர் அனைவருக்கும் இழிபெயராயிற்று. 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். ஜெர்மனியிலோ, 1928இல் ஹம்பர்க்கில் விற்பனைக்கு வந்த ஒரு மைப்பேனா 'மைக்கூலி' எனப் பொருள்படும் பெயர் பெற்றது. இன்று அந்நாட்டில் 'கூலி' என்பது பந்துமுனைப் பேனாவுக்கான அன்றாடச் சொல். பந்துமுனைப் பேனாவைக் குறிக்கும் 'கூகல்ஷ்ரைபர்' எனும் சொல்லின் சுருக்கமாக அது கருதப்படினும், பழைய மைக்கூலியின் சாயலும் அதிலுண்டு.

மலாயாவில் இந்தியரை ஒப்பந்தத்தில் பிணிக்கும் முறை 1910இல் முடிவுற்றது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இல் நின்றது. சொல் மட்டும் நிற்கவில்லை. மலாய் மொழியிலும் 'கூலி' ஆளையே குறிக்கும். ஊதியத்திற்கு 'உப்பா' எனும் வேறு சொல் உண்டு. தமிழரும் இன்று ஆளையே 'கூலி' என்பது, கடல் கடந்து திரிந்த பொருள் தாய்மொழிக்கே மீண்டதைக் காட்டுகின்றது.

மொரிசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி, 1992இல் இச்சொல்லிலிருந்தே 'கூலிட்யூட்' எனும் கருத்தாக்கத்தை உருவாக்கி, இழிபெயரைப் பெருமித அடையாளமாக்க முயன்றார். தமிழர்க்கு இன்னொரு வழியும் உண்டு. கூலி என்பது உழைத்தவன் பெறவேண்டிய உரிமை, உழைத்தவனின் பெயரன்று. இவ்வேறுபாட்டை நம் மாணவர்க்கு உணர்த்துதல், சொல்லாராய்ச்சி நமக்கு விதிக்கும் கடமையாகும்.